ஏழு வயதுக்காரியின் பத்து வயதுக் கை

1

இந்தக் கதையை நான் கோபத்தில் தொடங்கினேன். கோபத்தில் எழுதினால் எழுத்து கெட்டுவிடும் என்பார்கள். கெடட்டும். கெடக் கூடாதவை எத்தனையோ கெட்டுப்போன பிறகு ஒரு கதை கெட்டதால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

தொடக்கம் ஓர் எக்ஸ்ரே படம். என் தங்கை மகளின் இடது கை. மருத்துவர் அதை வெளிச்சப் பலகையில் மாட்டி, விரல் எலும்புகளின் நுனியைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"பாப்பாவுக்கு ஏழு வயசு. கை எலும்புக்குப் பத்து வயசு."

உடம்பு தன் காலத்துக்கு முன்பே பெரியவளாகத் தொடங்கிவிட்டது என்பதை அவர் அப்படித்தான் சொன்னார். அதை நிறுத்திவைக்க மாதம் ஓர் ஊசி என்றார். குழந்தைதான் படத்தை உற்றுப் பார்த்து, [          ] பல்லால் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள்:

"அப்ப என் கை எனக்கு அக்காவா?"

மருத்துவர் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. நான் அப்போது

(இந்த வாக்கியத்தை மூன்று முறை முயன்று விட்டுவிட்டேன். காலியாக இருக்கும் அடைப்புக்குறிகளைப் பற்றி ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன். அச்சுப்பிழை அல்ல.)

2

முதல் வரைவு இப்படி ஆரம்பித்தது: "அவள் ஒரு நாளைக்கு நானூறு பில் கிழித்துக் கொடுக்கிறாள்."

தங்கை ஒரு பெரிய மளிகைக் கடையில் மூன்றாம் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதினேன். தவறு. நிற்கிறாள். நாற்காலி கிடையாது.

பில் அச்சாகும் அந்த வழவழப்பான காகிதத்துக்கு மை தேவையில்லை. சூடு பட்டால் கறுக்கும் பூச்சு ஒன்று அதன்மேல் இருக்கிறது. அந்தப் பூச்சில் பிஸ்பினால் என்றொரு பொருள். காகிதத்தோடு பிணைந்து கிடக்காமல் உதிரியாக இருந்து, தொட்டவர் விரலில் ஏறிக்கொள்ளும். விரலிலிருந்து உள்ளே போகும். சுரப்பிகள் உடம்புக்குச் சொல்லியனுப்பும் செய்திகளுக்கு நடுவே, ஹார்மோன் வேஷம் போட்டுக்கொண்டு தானும் ஒரு செய்தி சொல்லும்.

ரோல் தீரப்போகிறது என்றால் காகிதத்தின் ஓரத்தில் சிவப்புக் கோடு வரும். உடனே மாற்றிவிட வேண்டும். மிஞ்சும் இரண்டு மூன்று மீட்டரைக் குப்பையில் போடுவார்கள். தங்கைக்கு மனம் வரவில்லை. வீணாகிறதே என்று பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள், குழந்தை படம் வரைவதற்கு.

[இங்கே இருந்த வாக்கியம்: "குழந்தைக்கு அந்த வித்தையை யாரோ சொல்லிக்கொடுத்தார்கள்." அந்த யாரோ நான்தான்.]

பென்சில் வேண்டாம். நகத்தால் அழுத்திக் கீறினால் போதும், கறுப்புக் கோடு விழும். "மந்திரம் பாரு" என்று அவள் விரலைப் பிடித்து நான்தான் காட்டினேன். அப்போது அவளுக்கு நான்கு வயது. அதிலிருந்து மூன்று வருடம் ரயில் வரைந்தாள். ரோல் எவ்வளவு நீளமோ ரயிலும் அவ்வளவு நீளம். ஒவ்வொரு ஜன்னலிலும் ஓர் ஆள். வரைந்து முடித்த விரலை, எல்லாப் பிள்ளைகளையும் போல, வாயில் வைத்துக்கொள்வாள்.

* தங்கைக்குக் கை வறண்டு வெடித்தபோது எலுமிச்சை வாசனைக் கிரீம் வாங்கிக் கொடுத்ததும் நான்தான். கிரீம் பூசிய கையில் அந்தப் பொருள் இன்னும் எளிதாக ஏறும் என்று பிறகு படித்தேன். படிக்கிற பழக்கம் எனக்கு நிறைய உண்டு. வேண்டிய நேரத்தில் படிக்கிற பழக்கம்தான் இல்லை.

3

இரண்டாம் வரைவில் குழந்தையை இடதுகைக்காரி ஆக்கினேன். எக்ஸ்ரே எடுத்தது இடது கையை அல்லவா? கீறிய கையே மூப்படைந்தது என்றால் கதை எவ்வளவு கச்சிதமாக உட்காரும்! ஆனால் எல்லாருக்குமே இடது கையைத்தான் எடுப்பார்களாம். இவள் வலதுகைக்காரி. அடித்துவிட்டேன். கதைக்குக் காரணம் வேண்டும். உண்மை அதைக் கொடுக்க மாட்டேன் என்கிறது.

தங்கை அன்று கேட்டாள்: "இந்தப் பேப்பராலதானா டாக்டர்?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா."

"அப்ப இதால இல்லையா?"

"அப்படியும் சொல்ல முடியாது."

மருத்துவர் நேர்மையானவர். என் கோபம் அவர்மேல் இல்லை. 'சொல்ல முடியாது' என்கிற அந்த நேர்மையான வார்த்தைக்குள் குடித்தனம் நடத்துகிறவர்கள்மேல். ஒரு வீட்டுக்குள் ஆயிரம் பொருளைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, எது செய்தது என்று நீயே கண்டுபிடி என்கிறார்கள். விற்பது அவர்கள் வேலை. நிரூபிப்பது தாயின் வேலை. அவளிடம் இருப்பதெல்லாம் ஒரு குழந்தை. ஒரே ஒரு குழந்தையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அதற்கு ஆயிரக்கணக்கில் வேண்டும் என்று எங்கோ படித்தேன். படித்துவிட்டு எழுந்து போய் நெடுநேரம் ஜன்னலருகே நின்றேன்.

கிழித்து எறிந்த பில்லும் சாவதில்லை. பழைய காகிதக் கட்டோடு கூழாகி, கழிவறைக் காகிதமாக, மேஜைமேல் டிஷ்யூவாக, சாப்பாட்டுப் பெட்டியாகத் திரும்பி வருகிறது. பூச்சில் இருந்ததில் கொஞ்சம் அதிலும் வருகிறது. 'அன்று மருத்துவமனையில் தங்கை கண்ணைத் துடைத்த காகிதத்திலும் அது இருந்தது' என்று எழுதினேன். அடித்துவிட்டேன். யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. இருந்திருக்கலாம். பாருங்கள், நானும் 'சொல்ல முடியாது' என்கிறேன். அழுதால் துடைத்துக்கொள்ளக்கூட யோசிக்க வைத்துவிட்டார்கள்.

4

தங்கை மேனேஜரிடம் கையுறை கேட்டாள்.

"கையுறை மாட்டிட்டு நின்னா வர்றவங்க என்ன நினைப்பாங்க? உனக்கு ஏதோ தோல் வியாதின்னு நினைப்பாங்க."

"வியாதி இல்லன்னு நானே சொல்லிக்கிறேன் சார்."

"நானூறு பேருக்குமா சொல்லுவே? வரிசை எப்ப நகரும்? பொறு, புது ரோல் வருது. அதுல அந்தச் சமாசாரமே இல்லையாம். டப்பாவுலயே போட்டிருக்கான்."

டப்பா வந்தது. பச்சை இலைப் படம். கீழே, 'பிஸ்பினால்-ஏ இல்லாதது'. தங்கை போட்டோ எடுத்து அனுப்பினாள். மூன்று வாரமாக அவள் குரலில் இல்லாத ஒரு தெம்பு அன்று இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ரோல் விற்பவருக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதற்கு ஒரு வரி பதில் வந்தது. ஏ-க்குப் பதில் பிஸ்பினால்-எஸ். அதே குடும்பம். அதுவும் ஹார்மோன்களோடு விளையாடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. பழைய கள், புது மொந்தை.

"அண்ணனை வேலையை விட்டுத் தூக்கிட்டுத் தம்பியைச் சேர்த்திருக்காங்க" என்றேன் போனில்.

"அப்ப டப்பாவுல போட்டிருக்கிறது பொய்யா?"

"பொய் இல்ல. அண்ணன் இல்லங்கிறது நிஜம்தானே."

அவள் போனை வைக்கவில்லை. பின்னால் கவுன்ட்டர் இயந்திரம் பில் துப்பும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

5

வரைவைத் தங்கையிடம் கொடுத்தேன். என் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, டீ ஆறும்வரை படித்தாள்.

"இதுல என் பொண்ணை எடுத்துடு."

"எதை?"

"பேரு, மூஞ்சி, பல்லு, எல்லாத்தையும். நாளைக்கு அவ பெரியவளாகி இதைப் படிப்பா. கூடப் படிக்கிறவளும் படிப்பா. ஊசி போட்டுக்கிட்ட பொண்ணுன்னு கூப்பிடுவாளுங்க."

நியாயம். குழந்தையை எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனை வைத்தேன். ஒன்பது வயது. தைராய்டு. சுருட்டை முடி. நன்றாகவே வந்திருந்தான். இரண்டு நாள் கழித்துத் தங்கை தாள்களை மேஜைமேல் போட்டாள்.

"யாரு இந்தப் பையன்?"

"கற்பனை."

"அவனுக்கு அம்மா கிடையாதா?"

"கற்பனைன்னு சொல்றேனே."

"நீயும் அதையேதான் செஞ்சிருக்கே அக்கா. அண்ணனைத் தூக்கிட்டுத் தம்பி. மேல ஒரு இலைப் படமும் போட்டுடு, முடிஞ்சுது."

"நான் என்னதான் செய்யட்டும்?" என்றேன்.

"எடுத்தா எடுத்த இடம் காலியா இருக்கட்டும். இங்க ஒருத்தி இருந்தான்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியணும். அங்க வேற எதையும் கொண்டாந்து வெக்காதே." எழுந்தவள் கதவருகே நின்றாள். "கை இருக்கட்டும். எக்ஸ்ரேயில எல்லார் கையும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும்."

ஆகவே: பெயர் [          ]. முகம் [          ]. சிரிக்கும்போது [          ]. மிச்சம் ஒரு கை.

6

முடிவுகள்.

ஒன்று: ஒரு திங்கட்கிழமை காலை ஏழு கவுன்ட்டர்களிலும் நின்ற ஏழு பெண்களும் கையுறையோடு நின்றார்கள். மேனேஜர் வாயடைத்துப் போனார்.

அருமையான முடிவு. நடந்தது வேறு. என் தங்கை மட்டும், பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறையோடு போய் நின்றாள். மதியத்துக்குள் அவளைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். மூன்றாம் கவுன்ட்டரில் இப்போது வேறொருத்தி.

"நாலு மாசம் முழுகாம இருக்கா" என்றாள் தங்கை. "என் கிரீமை அங்கயே வெச்சுட்டு வந்துட்டேன்க்கா. அவ எடுத்துப் பூசிக்கிறா. ஓடிப்போய்ப் பிடுங்கிட்டு வந்தேன். பைத்தியம்னு நினைச்சிருப்பா."

இரண்டு:

இரண்டாவது முடிவை எழுத முடியவில்லை. அது இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது. பள்ளிவிட்டு வந்தவள் என் அறை வாசலில் நிற்கிறாள். கை நீட்டியிருக்கிறாள்.

"பெரியம்மா, என் ரயில் எல்லாம் எங்க?"

தூக்கிப் போட்டுவிட்டோம். மூன்று வருட ரயில்கள். அவள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து.

"எனக்குத் தெரியும். அம்மா ராத்திரி அழுதாங்க. அம்மா கொண்டுவந்ததாலயா? இல்ல, நீங்க சொல்லிக்கொடுத்ததாலயா?"

'சொல்ல முடியாது' என்பது மருத்துவரின் வாக்கியம். 'இல்லாதது' என்பது டப்பாவின் வாக்கியம். 'உன் கையில் தப்பில்லை' என்று மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். சொல்லிவிட்டேன். "அப்ப யாரு தப்பு?" என்கிறாள். நீட்டிய கையை மடக்கவில்லை.

இனி உங்கள் முறை. அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இந்தப் புத்தகத்தில் அடையாளத்துக்கு ஏதாவது சீட்டுச் செருகி வைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான். புத்தகம் வாங்கிய பில்லாகவே இருக்கும். எடுத்து, நகத்தால் ஒரு கோடு கீறிப் பாருங்கள்.

கறுக்கிறதா?

கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள். அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.