சிஹாப்தீன் வீட்டில் காற்றுப் பரிசோதனை

மெல்பேர்னில் நம்மவர் ஒருவர் போன் பண்ணி, "சனிக்கிழமை ராவைக்குச் சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். "சாப்பிட வாங்க, சின்ன விஷயம் ஒண்டும் பேசணும்" என்று கூப்பிட்டால், அந்தச் சின்ன விஷயம் பெரும்பாலும் ஒரு அட்டைப் பெட்டிக்குள் இருக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் அதைப் பிரித்துக் காட்டுவார்கள். வாங்குகிறவர்கள் வாங்குவார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு புரியாணி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

சிஹாப்தீன் இரண்டாவது மாதிரிதான் கூப்பிட்டான். மல்கிரேவில் பழனிசாமி வேலை பார்க்கும் ஐ.டி. ஆபீஸில் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பவன். கல்முனைக்காரன், தங்கமான மனுஷன்; எதையாவது நம்பினால் மட்டும் அடியோடு நம்பிவிடுவான். போன வருஷம் கருஞ்சீரக எண்ணெயை நம்பினான். இந்த 2012 குளிர்காலத்தில் அவன் காற்றையும் தண்ணீரையும் நம்புவதை நிறுத்தியிருந்தான்.

"ஏனுங்க, அங்கயும் போயி அந்தக் கொழாய எடுத்து ஊதி மானத்த வாங்காதீங்க" என்றாள் பழனிசாமியின் மனைவி கல்யாணி, கார் சிஹாப்தீன் வீடு இருக்கும் கிரான்பர்ன் பக்கம் திரும்பும்போது.

"கேட்டுட்டுத்தான் ஊதுவேன். கேக்காம ஊதற ஆளா நானு?" என்றான் பழனிசாமி.

கல்யாணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் இப்படித் திரும்பிக்கொள்வதுதான் பழனிசாமிக்குத் தாங்காது.

விஷயம் இதுதான். பழனிசாமி மூன்று வாரமாகச் சிகரெட்டைத் தொடவில்லை. இதை எந்தச் சாமி முன்னாலும் சத்தியம் பண்ண அவன் தயார், நம்பத்தான் ஆளில்லை. ஏனென்றால் இதற்கு முன்னாலும் மூன்று தடவை அவன் சிகரெட்டை விட்டிருக்கிறான். மூன்றாவது தடவை விட்டிருந்தபோது மோனாஷ் ஃப்ரீவேயில் கார் பஞ்சரானது. கொட்டும் மழையில் கல்யாணி குடை பிடிக்க, அவன் ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தைத் திறந்தான். உள்ளே இரண்டு பாக்கெட்டும் ஒரு லைட்டரும் சமர்த்தாகப் படுத்திருந்தன. கல்யாணி பிடித்திருந்த குடையை மடக்கிவிட்டாள்.

இப்போது அவனிடம் இருந்தது வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரவழைத்த இ-சிகரெட். பேனா மாதிரி ஒரு குழாய். உறிஞ்சினால் நுனியில் நீல வெளிச்சம் எரியும். விட்டால் மாம்பழ வாசனையோடு வெள்ளையாகப் பொதிபொதியாய்ப் புகை வரும். பழனிசாமி அதை மறுபிறவியாக நினைத்தான். கல்யாணியோ அதைப் புது ஏமாற்று வேலை என்று முடிவு கட்டியிருந்தாள். "நல்லாக் கண்டுபுடிச்சீங்க. சிகரெட் நாத்தம் தெரியாம இருக்க மேல மாம்பழம் அடிச்சுக்கறீங்க" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையிலேயே விட்டிருப்பவன் இதைக் கேட்டு எப்படித் துடிப்பான் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஊர் உலகத்துக்கும் அந்தக் குழாயை என்ன செய்வதென்று இன்னும் பிடிபடவில்லை. பஸ்ஸில் ஒரு அம்மாள் வாசனை நன்றாயிருக்கிறது என்று சிரித்தார். அடுத்த சீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு முன்னால் போய்விட்டாள். ஷாப்பிங் சென்டரில் காவலுக்கு நின்ற பையன் குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, மேலதிகாரியை அழைத்து, அவருக்கும் தெரியாமல் போக, எதற்கும் வெளியே போய்விடுங்கள் என்று கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டான். பழனிசாமி எல்லோரிடமும் ஒரே விளக்கம்தான் சொன்னான்: இது புகை இல்லை, வெறும் ஆவி. இட்லிச் சட்டியைத் திறந்தால் வருகிறதே, அதே ஆவி.

"இட்லிச் சட்டிய நான் சட்டப் பையில வெச்சுக்கிட்டு பஸ்ல போறதில்லீங்க" என்றாள் கல்யாணி. அன்றிலிருந்து வீட்டுக்குள் ஊதத் தடை. அந்தக் குளிரில் அவன் கராஜில் நின்று ஊதிக்கொண்டிருந்தான்.

சிஹாப்தீன் வீட்டுக் கதவைத் திறந்ததும் ஏலமும் கறுவாப்பட்டையும் மணத்தன. முன்னறையில் ஏற்கெனவே நித்தியானந்தன் அண்ணை வந்து பெரிய கதிரையைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எந்த வீட்டு விருந்தையும் தவறவிடாதவர். மேசை மேல் வெள்ளைத் துணி போர்த்தியபடி இரண்டு பொருட்கள் நின்றன.

பழனிசாமி சொன்ன சொல் தவறவில்லை. சிஹாப்தீனின் மனைவி ஹபீபாவிடம் குழாயைக் காட்டி, "ஊதலாமுங்களா?" என்று கேட்டான்.

"குறை நினைக்காதீங்க அண்ணன். ஊட்டுக்குள்ள ஒண்டும் ஊதுறதில்ல. பின்னால நல்ல இடம் இரிக்கி" என்று ஹபீபா சிரித்துக்கொண்டே பின்பக்கக் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டாள். ஐஸ்பெட்டிக்குள் கையை விட்ட மாதிரி குளிர் வந்து அறைந்தது. பழனிசாமி வெளியே போய் துணி காயப்போடும் கம்பத்துக்கும் பார்பிக்யூ அடுப்புக்கும் நடுவில் நின்று ஊதத் தொடங்கினான்.

உள்ளே சிஹாப்தீன் முதல் துணியை விலக்கினான். தண்ணீர் வடிகட்டி. ஒரு கிளாஸில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் வடிகட்டிய தண்ணீர். இரண்டிலும் இரண்டிரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினான். குழாய்த் தண்ணீர் குபுகுபுவென்று பழுப்பாகிச் சேறானது; வடிகட்டிய தண்ணீர் தெளிவாகவே நின்றது. "பாத்தீங்களா? இதத்தான் நாம குடிக்கிறம்!" என்றான் சிஹாப்தீன், எதையோ கண்டுபிடித்துவிட்ட கிளர்ச்சியில்.

"நான் இருவது வரியமாக் குடிக்கிறன் தம்பி. ஒரு பல்லுக்கூட ஆடேல்லை" என்ற நித்தியானந்தன் அண்ணை, எழுந்து போய்க் குசினிக் குழாயில் ஒரு கிளாஸ் பிடித்து மடமடவென்று குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அத்தோடு தண்ணீர் வியாபாரம் முடிந்தது.

சிஹாப்தீன் அசரவில்லை. இரண்டாவது துணியை விலக்கினான். காற்றைச் சுத்தமாக்கும் மெஷின். நெற்றியில் ஒரு விளக்கு: காற்று நல்லதென்றால் பச்சை, கெட்டதென்றால் சிவப்பு. இப்போது பச்சை எரிந்தது. கெட்ட காற்று கொஞ்சம் கிடைத்தால்தானே சுத்தமாக்கிக் காட்டலாம்? அவன் சாம்பிராணி வத்தி ஒன்றைப் பற்ற வைத்தான். மெஷின் மோப்பம் பிடிப்பதற்கு முன்னால் கூரையில் இருந்த தீ அலாரம் பிடித்துவிட்டது. வீடே அலறியது. நித்தியானந்தன் அண்ணை கதிரை மேல் ஏறி நின்று தமிழ்ப் பத்திரிகையால் விசிற, கல்யாணி ஜன்னல்களைத் திறக்க, ஹபீபா குசினியிலிருந்து ஓடி வந்து வத்தியைப் பிடுங்கிக் குழாயடியில் அணைத்தாள். "இனி ஒரு நெருப்புக் குச்சி கிழிச்சீங்களோ, தெரியும்!" என்று கணவனிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

புகை வேண்டும், நெருப்புக் கூடாது. சிஹாப்தீன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அப்போதுதான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவன் கண் போனது. அங்கே ஒரு வெள்ளைப் புகைப் பொதிக்குள் பழனிசாமி நின்றுகொண்டிருந்தான்.

"பழனி! உள்ள வாங்க, உள்ள வாங்க!"

துரத்தப்பட்டவனுக்கு இப்படி ஒரு வரவேற்பு! பழனிசாமி மூக்கு சிவக்க உள்ளே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சு நிமிர்ந்தது. மெஷினுக்கு முன்னால் மண்டியிட்டு, ஆழமாக இழுத்து, அதன் முகத்திலேயே விட்டான்.

பச்சை.

"இன்னும் கிட்ட" என்றான் சிஹாப்தீன். பழனிசாமி இன்னும் கிட்டப் போய் விட்டான். அறை முழுக்க மாம்பழம் மணத்தது. விளக்கு அசையவில்லை. அதே பச்சை.

"உடன சுத்தமாக்கிப்போட்டு! பாத்தீங்களா அதுட வேகத்த!" என்றான் சிஹாப்தீன், குரல் கொஞ்சம் உள்ளே போக.

"ஐயோ, இல்லீங்க!" பழனிசாமி எழுந்தே விட்டான். "இதுல சுத்தமாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க! அதான் பச்சை! கல்யாணி, பாத்துக்கோ. நான் சொன்னா நம்ப மாட்டே. மெஷின் சொல்லுது பாரு!" இத்தனை நாள் தனியாக வாதாடி வந்தவனுக்குக் கடைசியில் ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் அவனுக்குக் காது வரை சிவந்தது. சிஹாப்தீனும் வேறு வழியில்லாமல் தலையாட்டினான். மெஷின் சரி என்றால் குழாயும் சரி என்றுதானே ஆகிறது?

அந்த நேரம் பார்த்து ஹபீபா குசினியில் கொதிக்கும் எண்ணெயில் கத்தரிக்காயைக் கொட்டினாள். கூடவே வெங்காயம், செத்தல் மிளகாய். மெஷினுக்கு ஆவேசம் வந்துவிட்டது. விளக்கு செக்கச்செவேலென்று எரிந்தது. உள்ளே இருந்த காற்றாடி உறுமிக்கொண்டு சுழன்றது.

"வேல செய்யிது! வேல செய்யிது!" சிஹாப்தீன் துள்ளினான். அது எதைப் பார்த்து வேலை செய்கிறது என்பது அவனுக்கு உறைப்பதற்குள், கையில் அகப்பையோடு ஹபீபா வாசலில் வந்து நின்றாள். சிவப்பு விளக்கைப் பார்த்தாள். பழனிசாமி கையிலிருந்த குழாயைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"அப்ப என்ட கறி நஞ்சு. அவர்ட புகை பன்னீர். அப்பிடியா?"

சிஹாப்தீன் அகப்பையையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தான். ஆமாம் என்றால் இரவுச் சாப்பாடு போச்சு, ஏன் நாளைச் சாப்பாடும் போச்சு. இல்லை என்றால் மெஷின் போச்சு. நித்தியானந்தன் அண்ணை, "இதின்ர மூக்குக்கு எண்ணெய்ப் புகை மட்டும்தான் பிடிபடுது போல" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

கல்யாணி எழுந்தாள். நிதானமாக வந்து மெஷினைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, அது இருந்த இடத்துக்கு நேரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரிங்க. மெஷின் சொல்லிருச்சு. நாளையிலருந்து நம்ம வீட்டுக்குள்ளயே, ஹீட்டர் பக்கத்துலயே நின்னு ஊதிக்கோங்க. நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். இப்ப ஒரே ஒரு தடவ, அதுக்கு ஊதின மாதிரியே, எம் மூஞ்சிக்கு நேரா ஊதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கல்யாணியும் சிரித்தாள். ஆனால் நகரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முகத்தை நீட்டினாள்.

பழனிசாமிக்கு வேண்டியதெல்லாம் ஒரு ஊதல் தூரத்தில் இருந்தது. ஹீட்டர், சோபா, கராஜிலிருந்து விடுதலை. குழாயை வாயில் வைத்தான். நீல வெளிச்சம் எரிந்தது. கன்னம் உப்ப இழுத்துவிட்டான். கல்யாணி கண்ணை மூடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி இல்லாத அந்த முகத்தில் மூக்கின் இரண்டு பக்கமும் சின்னதாகப் பள்ளம் விழுந்திருந்தது. இதன் மேலா? ஆவி என்று பஸ்ஸில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான். ஆனாலும் ஊத வரவில்லை. விழுங்கவும் முடியவில்லை. அடக்கினான், அடக்கினான், கண் பிதுங்கியது. கடைசியில் முகத்தை வெடுக்கென்று திருப்பி, மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் ஒரே நேரத்தில் எல்லாம் வெளியேற, இருமி இருமிக் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினான்.

பின்னால் ஹபீபா சுவரிலிருந்து மெஷினின் பிளக்கைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. "நாளைக்கே இதத் திருப்பிக் குடுங்க. வாங்க எல்லாரும், சோறு ஆறுது."

கல்யாணி வெளியே வந்து அவன் முதுகில் தட்டினாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

"மூணு வாரமா சிகரெட் தொடலைன்னு சொன்னீங்கல்ல?"

அவன் இருமிக்கொண்டே தலையாட்டினான்.

"நெசந்தான்."

பழனிசாமி நிமிர்ந்து பார்த்தான். "இப்ப எப்படித் திடீர்னு நம்பறே? மெஷின் சொன்னப்பக்கூட நம்பலியே."

"பொய் சொல்ற ஆளா இருந்தா, வெறும் ஆவிதான்னு எம் மூஞ்சிலயே ஊதியிருப்பீங்க."

அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்படின்னா, வீட்டுக்குள்ள...?" என்று இழுத்தான்.

"அது கராஜ்தான்."

"சரி" என்றான் பழனிசாமி. இவ்வளவு சந்தோஷமாக அவன் எதற்குமே சரி சொன்னதில்லை.

உள்ளேயிருந்து ஹபீபா மறுபடியும் கூப்பிட்டாள். இரண்டே நிமிஷம், இந்த ஒன்றை முடித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று பழனிசாமி குழாயை எடுத்தான். இத்தனை வருஷத்தில் அவன் எதை ஊதினாலும் கல்யாணி எழுந்து போய்விடுவாள். இன்றைக்குப் போகவில்லை. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று கையை நீட்டிப் பார்த்து, புகை வராத பக்கமாக மாறி நின்று, குளிரில் கையைக் கட்டிக்கொண்டு, அவன் முடிக்கும்வரை கூடவே நின்றாள்.