வன்முறை நம்பும்படியாக இல்லை

‘நடை நன்றாக இருக்கிறது, ஆனால் வன்முறை நம்பும்படியாக இல்லை’ என்று முதல் ஏஜென்ட் எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியில் என் இடது மணிக்கட்டு உடைந்தது. பாவம், அவளுக்கு இது தெரியாது. லண்டனில் ஏதோ ஒரு மேஜையில் காபி குடித்துக்கொண்டே தட்டிவிட்டு அடுத்த ஆளுக்குப் போயிருப்பாள். நல்லா இருக்கட்டும்.

என் கணவன் டாரன் இங்கிலாந்தின் கடலோர ஊரான கிரிம்ஸ்பியில் மீன் உறையவைக்கும் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். பெண்களைத் தேடித் தேடிக் கொல்கிற ஒருவனைப் பற்றி நாவல் எழுதிக்கொண்டிருந்தான். எழுதினான் என்று சொல்வது அவனுக்குக் கொடுக்கிற மரியாதை. அவன் சொல்லச் சொல்ல டைப் அடித்தது நான். மீன் வெட்டும் மெஷினில் அவனுடைய வலது கையில் இரண்டு விரல்கள் பாதியாகப் போயிருந்தன. மிச்ச விரல்கள் ஒழுங்காக வேலை செய்தன என்பதற்கு என் உடம்பே சாட்சி.

எழுத்தாளனுக்காகப் பதிப்பகத்திடம் பேசுகிற ஏஜென்ட் இல்லாமல் பெரிய பதிப்பகம் எதுவும் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு ஏஜென்டைப் பிடிப்போம். முதல் மூன்று அத்தியாயங்கள், ஒரு பக்கக் கதைச்சுருக்கம், பணிவாக ஒரு கடிதம். அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

முதல் பதில் வந்த அன்று டாரன் அதை நின்றபடியே படித்தான். டிவியை அணைத்தான்.

"பாத்தியாடி? நம்பலயாம். எங்க, கையக் குடு."

கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினான்.

"ஒன்னுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லு. எவ்வளவு வலிக்குது?"

வீம்புக்கு நாலு என்றேன். இன்னும் முறுக்கினான். ஏழு என்றேன். ஒன்பது என்று கத்தியபோது உள்ளே என்னவோ விட்டுப்போனது. நான் தரையில் கிடந்தேன். அவன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உண்மையான அக்கறையோடு கேட்டான்.

"சத்தம் எப்படி இருந்துச்சு? உள்ள கேட்டுச்சா, வெளிய கேட்டுச்சா?"

"உள்ள."

"அருமை. டைப் அடி."

ஒரு கையால் அடித்தேன். அப்புறம்தான் ஆஸ்பத்திரி. மழையில் படி வழுக்கிவிட்டது என்று சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன்.

‘கொலைகளைத் தூரத்திலிருந்து பார்ப்பதுபோல இருக்கிறது’ என்று அடுத்தவர் எழுதினார். அதற்காகக் குளியல் தொட்டியை நிரப்பினான். ‘பெண்ணின் பயம் எங்களைத் தொடவில்லை’ என்றார் இன்னொருவர். அதற்கு இஸ்திரிப் பெட்டி. மற்ற எழுத்தாளர்கள் ஏஜென்டிடமிருந்து இப்படி ஒரு வரி வராதா என்று ஏங்குவார்களாம். நான் நடுங்கியதே அதற்குத்தான். ‘எங்கள் பட்டியலுக்குப் பொருந்தாது’ என்று எல்லோருக்கும் அனுப்புகிற வெற்றுப் பதில் வந்தால் அன்று எனக்குப் பண்டிகை. அவன் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு பீர் குடிக்கப் போய்விடுவான்.

ஒருமுறை போலீசுக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். அந்தப் போனின் சார்ஜர் வயர் இப்போது பதினோராம் அத்தியாயத்தில் இருக்கிறது.

"அவ தலையத் தண்ணிக்குள்ள அழுத்தினான்னு போடு" என்று சொல்லிவிட்டு அவன் சிகரெட் பிடிக்கப் போய்விடுவான். தண்ணீருக்கு அடியில் பக்கத்து வீட்டு ரேடியோ துல்லியமாகக் கேட்கும், அது அவனுக்குத் தெரியாது. சாகப்போகிற நேரத்தில் அடுப்பை அணைத்தோமா என்று யோசனை ஓடும், அதுவும் தெரியாது. அதையெல்லாம் நான் சேர்த்தேன். வேறு யாரிடம் சொல்ல முடியும்? திரும்பப் படித்துக் காட்டினால், எல்லாம் தானே சொன்னது என்று தலையாட்டுவான்.

அப்படி இருக்கும்போதுதான் ஹெஸ்டர் கிளேட்டன் என்ற ஏஜென்ட் முழு நாவலையும் கேட்டார். பெரியவர்களுக்கான துப்பறியும் நாவல், குழந்தைப் புத்தகம் இரண்டையும் எடுப்பவர். அடுத்த மாதமே பதில் வந்தது. ‘இதைப் படித்த இரவு விளக்கை அணைக்க முடியவில்லை. இந்த வன்முறை அவ்வளவு உண்மை. உங்கள் ஏஜென்டாக இருக்க விரும்புகிறேன். வியாழக்கிழமை லண்டன் வர முடியுமா?’ கீழே இன்னொரு வரி: ‘இரண்டாவது நாவலுக்கு ஒரு யோசனை. இந்த முறை ஆபத்தில் இருப்பது ஒரு குழந்தையாக இருந்தால் எப்படி?’

டாரன் என்னைத் தூக்கிச் சுற்றினான், முத்தம் கொடுத்தான். இனி அடி இருக்காது என்று ஒரு நிமிடம் நானும் நம்பித் தொலைத்தேன். மீனும் சிப்ஸும் வாங்கிவந்தான். எங்கள் மகள் மேபல், ஆறு வயது, ரொட்டிக்குள் சிப்ஸை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேபல் குட்டி, சனிக்கிழமை அப்பா ஃபேக்டரிக்கு வர்றியா?"

"எதுக்குப்பா?"

"குளிர் ரூம் இருக்குல்ல, பெரிய கதவு வெச்சது. அதுக்குள்ள நீ கொஞ்ச நேரம் நிக்கணும். லைட்டு இருக்காது. என்ன தோணுதுன்னு அப்பாகிட்ட சொல்லணும்."

"ஐஸ்கிரீம் இருக்குமா?"

"அப்புறமா வாங்கித் தரேன்."

"டாரன், அவ குழந்தை" என்றேன்.

"நான் என்ன கொல்லவா போறேன்? நம்பர் சொல்லத் தெரியும் அவளுக்கு. ஸ்கூல்ல நூறு வரைக்கும் சொல்லிக் குடுத்திருக்காங்க."

இத்தனை நாளும் என் உடம்போடு போகட்டும் என்று பல்லைக் கடித்திருந்தேன். சனிக்கிழமைக்குள் மேபலைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். எங்கே, எப்படி, எதுவும் தெரியாது.

மேபலின் பள்ளியில்தான் எனக்கு மதிய உணவு பரிமாறும் வேலை. மறுநாள் ஆபீஸ் அம்மா ஜோன் டீ குடிக்கப் போனபோது அவர் கம்ப்யூட்டரில் ஹெஸ்டருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘உதவி செய்யுங்கள்’ என்று அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன், அழித்தேன். கை வரவில்லை. கடைசியில் மேபலைத் தூங்கவைக்க நான் சொல்கிற கதையை மடமடவென்று அடித்தேன். ஒரு முள்ளெலி நரியின் வீட்டில் இருக்கிறது. நரி பொறி செய்கிற தொழிலாளி. ஒவ்வொரு பொறியையும் முள்ளெலியின் காலில் மாட்டிப் பார்த்து, ‘எவ்வளவு வலிக்குது, ஒன்னுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லு’ என்று கேட்கும். ஒருநாள் முள்ளெலி காட்டுக்கு ஓடிவிடுகிறது. நட்சத்திரம் பார்க்கிறது, ஆந்தையோடு சண்டை போடுகிறது, பசித்ததும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது. கீழே என் பெயரைப் போட்டேன், லோர்னா பிக்ஸ், கிரிம்ஸ்பி. அனுப்பினேன்.

அன்று மாலையே டாரனுக்கு ஹெஸ்டரிடமிருந்து ஒரு வரி வந்தது. ‘மனைவியையும் அழைத்து வாருங்கள், ஒப்பந்தம் பேசும்போது குடும்பத்தோடு வருவது எங்கள் வழக்கம்.’ அப்படி ஒரு வழக்கமே கிடையாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். டாரன் தன் அம்மா டோரீனிடம், வியாழக்கிழமை மேபலைப் பள்ளியிலிருந்து கூட்டிப் போய் அவர் வீட்டில் வைத்திருக்கச் சொன்னான்.

ஹெஸ்டரின் ஆபீஸ் மூன்றாவது மாடியில், சுவர் தெரியாத அளவுக்குப் புத்தகம். அறுபதைத் தாண்டிய குள்ளமான பெண்மணி, முழங்கையில் ஒட்டுப்போட்ட ஸ்வெட்டர். மேஜையில் இடது பக்கம் பெரியவர்களுக்கான தாள் கட்டுகள், வலது பக்கம் குழந்தைகளுக்கானவை. டாரனின் கையைக் குலுக்கினார், பிஸ்கட் கொடுத்தார்.

"மிஸ்டர் பிக்ஸ், பக்கத்து ரூம்ல என் அசிஸ்டென்ட் ஒப்பந்தத்தோட உக்காந்திருக்கான். ஒரு வரி விடாம படிங்க. பெரிய எழுத்தாளருங்க எல்லாம் அப்படித்தான் படிப்பாங்க."

பெரிய எழுத்தாளர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

கதவு மூடியதும் ஹெஸ்டர் வலது கட்டிலிருந்து என் கதையை எடுத்தார். இடது கட்டிலிருந்து நாவலின் ஒரு பக்கத்தை உருவி அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே வரிக்கு அடியில் பென்சில் கோடு.

"நரியும் கேக்குது, கொலைகாரனும் கேக்குறான்" என்றார். "வேற ஆபீஸா இருந்தா இது ரெண்டும் ரெண்டு மாடிக்கு, ரெண்டு வேற ஆளுங்ககிட்ட போயிருக்கும். இங்க ரெண்டையும் படிக்கிறது நான்தான். லோர்னா, அந்த மணிக்கட்டு அத்தியாயம்..."

நான் சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினேன். எலும்பு கோணலாகத்தான் சேர்ந்திருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயோ. நான் இதைப் பாராட்டில்ல எழுதினேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆமா, பாராட்டினீங்க. இன்னொரு யோசனையும் சொன்னீங்க. சனிக்கிழமை எம் பொண்ண குளிர் ரூம்ல அடைக்கப் போறான். உங்க ரெண்டாவது நாவலுக்கு."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. என் கதையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"முள்ளெலி ஏன் திரும்பிப் போகுது?"

"குழந்தைங்க கதைன்னா வீட்லதான முடியணும்?"

"நானும் வர்றவங்க கிட்ட எல்லாம் அப்படித்தான் சொல்றேன். ராத்திரிச் சாப்பாடு, கட்டில், அம்மா. ஆனா இந்தக் கதைக்கு அது தப்பு, லோர்னா. போலீசக் கூப்பிடவா? நீங்க சொன்னாத்தான் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க."

அவர் போனில் போலீசுக்கு விலாசம் சொல்லிக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. டாரன் ஒப்பந்தத்தோடு உள்ளே வந்தான்.

"இந்த அஞ்சாவது பாயின்ட்டு என்னன்னு..."

என் சட்டைக் கை மேலே ஏறியிருந்ததைப் பார்த்தான். மேஜையில் என் பெயர் போட்ட தாளைப் பார்த்தான். எடுத்துப் படித்தான். சிரித்தான்.

"நரியா? நான் நரியாடி?"

முதல் அடி ஹெஸ்டருக்கு விழுந்தது. போன் பறந்தது, அவர் அலமாரியில் மோதி விழ, மேல்தட்டுப் புத்தகங்கள் அவர் மேலேயே சரிந்தன. அடுத்து என் தலைமுடியைப் பிடித்து முகத்தை மேஜை விளிம்பில் மோதினான். மறுபடி மோதினான். பல் ஒன்று உடைந்து நாக்கில் கிடந்தது. மூக்கிலிருந்து ஒழுகிய ரத்தம் முள்ளெலிக் கதையின் மேல் விழுந்தது. பக்கத்து அறையிலிருந்த அசிஸ்டென்ட் பையன் என்னவோ கத்தினான். டாரன் குனிந்து, என் கழுத்தில் கையை வைத்து, காதோடு கேட்டான்.

"எவ்வளவு? நம்பர் சொல்லு."

பத்தொன்பதாம் அத்தியாயத்தில் அந்தப் பெண் தப்பிக்கப் பார்க்கும் ஒரு காட்சி இருந்தது. கழுத்தை நெரிப்பவனின் கட்டைவிரலை எப்படிப் பிடித்துப் பின்னால் மடக்க வேண்டும் என்று அவனேதான் செய்து காட்டினான். அப்புறம், ‘வேணாம், இவ தப்பிக்கக் கூடாது, எடுத்துடு’ என்றான். புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

அவன் கட்டைவிரலைப் பிடித்தேன். என்னிடமிருந்த பலம் முழுவதையும் போட்டு மணிக்கட்டுப் பக்கமாக மடக்கினேன். சத்தம் வெளியேதான் கேட்டது, அறை முழுக்கக் கேட்டது. அவன் அலறிக்கொண்டு முட்டி போட்டான். நான் நிறுத்தவில்லை. இடது கட்டின் மேலிருந்த அவன் நாவலைத் தூக்கினேன். அத்தனை பக்கமும் நான் அடித்தது, நல்ல கனம். முகத்தில் ஓங்கி இறக்கினேன். மூக்கு நொறுங்குவது கையில் தெரிந்தது. மறுபடி இறக்கினேன். என் மணிக்கட்டுக்கு, தொட்டிக்கு, வயருக்கு, இஸ்திரிப் பெட்டிக்கு. அவன் தரையில் சுருண்டான். நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"ஒன்னுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லு, டாரன். எவ்வளவு வலிக்குது?"

அவன் வாயெல்லாம் ரத்தமாக அம்மா, அம்மா என்று அழுதான். அந்த அழுகை நம்பும்படியாக இருந்தது.

அம்மா என்றதும்தான் எனக்கு டோரீன் ஞாபகம் வந்தது. சுவரில் மணியைப் பார்த்தேன். பள்ளி விடப்போகிற நேரம். இவன் ஒரு போன் செய்தால் போதும், மேபல் அவன் அம்மா வீட்டுக் கதவுக்குப் பின்னால். ஹெஸ்டர் புத்தகக் குவியலுக்குள்ளிருந்து எழுந்து, உடைந்த கண்ணாடியோடு தரையில் தவழ்ந்து, போனைத் தேடி என் கையில் கொடுத்தார். பையன் டாரனின் மேலேறி உட்கார்ந்திருந்தான். வெளியே சைரன் கேட்க ஆரம்பித்தது.

ஜோன்தான் எடுத்தார். வாயில் ரத்தம் நிறைந்திருந்ததால் என் குரல் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. இரண்டு முறை பெயரைச் சொன்னேன்.

"ஜோன், மேபல வீட்டுக்கு அனுப்பாதீங்க."

"டோரீன் வாசல்லயே வந்து நிக்கிறாங்களேம்மா. குழந்தை கோட்டு போட்டுக் கிளம்பிட்டா."

"யாரு வந்து கேட்டாலும் அனுப்பாதீங்க. போலீசும் வருவாங்க. என்கிட்ட குடுத்தாப் போதும்."

நாற்காலி நகர்கிற சத்தமும் கதவைத் தாழ்போடுகிற சத்தமும் கேட்டன. பிறகு அவர் குரல், என்னிடம் அல்ல.

"மேபல் கண்ணு, கோட்டைக் கழட்டிட்டு இங்க வந்து உக்காரு. இன்னிக்கு நீ வீட்டுக்குப் போக வேணாம்."