மருமகன் பெயரில் ஒரு குற்றம்

நீதிமன்றக் கவுண்டருக்குப் போவதற்கு முன் உருத்திரமூர்த்தி கழுத்துப்பட்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். நகர நீதிமன்றத்துக்கு அன்று வந்தவர்களில் கழுத்துப்பட்டி கட்டியவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல், கடைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தவர்கள்போல நின்றார்கள். சென்ட் லோரன்ட் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தேழு வருடம் வேலை செய்து, ஒரு நாளாவது பிந்தி வந்தார் என்ற சொல் கேளாமல் ஓய்வு பெற்றவர் அவர். நீதிமன்றப் படியை மிதிப்பது இதுவே முதல் தடவை. மிதித்தாலும் நிமிர்ந்துதான் மிதிக்கவேண்டும் என்று நினைத்திருந்தார்.

கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண்ணின் சட்டையில் செலீன் என்று பெயர் குத்தியிருந்தது. தொழிற்சாலையில் பழகிய பிரெஞ்சில், வீட்டில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை உருத்திரமூர்த்தி சொன்னார். பார்க்கிங்குக்குக் காசு போட்டது உண்மை. நேரம் முடியுமுன் திரும்பி வந்ததும் உண்மை. கம்பத்தின் நம்பரை அமத்தியதில்தான் பிழை. அபராதப் பணத்தைத் திருப்பித் தரவேண்டாம், குற்றத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

நடந்தது இதுதான். போன செவ்வாய்க்கிழமை மனைவி ஜெகதீஸ்வரிக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. அன்று காலை பார்த்து அவருடைய கார் உயிரை விட்டுவிட்டது. மகள் வினோஜா ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யிலிருந்து புருஷனுடைய காரைக் கொண்டுவந்து விட்டாள். பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கலாம், கை நீட்டக்கூடாது என்பது உருத்திரமூர்த்தியின் சட்டம். பதினொரு வருடமாக அந்தச் சட்டத்தை மீறாதவர், மனைவியின் கண்ணுக்காக அன்று சாவியை வாங்கினார்.

ஆஸ்பத்திரித் தெருவில் பனி இடுப்பளவு குவிந்திருந்தது. ஒவ்வொரு இடத்துக்கும் நம்பர் எழுதிய ஒரு கம்பம். காருக்கு முன்னால் ஒரு கம்பம், பின்னால் ஒரு கம்பம். முன் கம்பத்தின் நம்பரை மெசினில் அமத்தி மூன்று மணித்தியாலத்துக்குக் காசு கட்டினார். அது பக்கத்து இடத்தின் நம்பர். திரும்பி வந்தபோது வைப்பருக்கடியில் டிக்கெட் செருகிக் கிடந்தது.

டிக்கெட்டை இழுத்து எடுத்தார். மருமகனுடைய கார். மருமகனுடைய பெயர். கண் கட்டோடு மனைவியைக் காரில் ஏற்றி இருத்திவிட்டு, எதிரே தெரிந்த வங்கியை நோக்கித் திரும்பினார்.

"இஞ்சருங்கோ, முதல் என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சாவது பாருங்கோவன்," என்றாள் ஜெகதீஸ்வரி.

"மருமோன்ரை பேரிலை வந்தது பொழுதுபட முந்தித் தீரவேணும். நீர் பேசாமல் கண்ணை மூடிக்கொண்டிரும்."

"அதைத்தான் டொக்டரும் சொன்னவர்."

பத்து நிமிடத்தில் கட்டி முடித்தார். மருமகனுக்கு ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த நாள் கோட்டுப் பையில் பார்க்கிங் ரசீது அகப்பட்டபோதுதான், அதையும் டிக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். செய்யாத குற்றத்துக்குத் தண்டம் கட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் விளங்கியது.

செலீன் ரசீதை வாங்கி நேரத்தைப் பார்த்தாள். டிக்கெட்டைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் இரக்கம் தெரிந்தது. அவருக்கு நம்பிக்கை வந்தது.

"மெஸ்யு, இந்த ரசீதை நீதவானிடம் காட்டியிருந்தால் அவர் யோசித்திருப்பார். ஆனால் இந்த வழக்கு முடிந்துவிட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிந்திருக்கிறது."

"ஆர் ஒப்புக்கொண்டது? நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லையே!" அவசரத்தில் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு பிரெஞ்சில் சொன்னார்.

"முழுப் பணமும் கட்டினால் ஒப்புக்கொண்டதாகத்தான் கணக்கு. டிக்கெட்டின் பின்பக்கம் எழுதியிருக்கிறது." அவள் திரையைப் பார்த்தாள். "கீர்த்திகன் என்பது நீங்களா?"

"என்னுடைய மருமகன்."

"அப்படியென்றால் ஒப்புக்கொண்டவர் அவர். தீர்ப்பை நீக்கச் சொல்லி அவர்தான் கேட்கலாம். இந்தப் படிவத்தில் அவர் காரணம் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். கூப்பிடுகிற நாளில் அவரே வரவேண்டும். படிவத்தைக் கொடுக்க இன்னும் ஆறு நாள் இருக்கிறது."

உருத்திரமூர்த்தி படிவத்தை வாங்கிக்கொண்டார். தன் பெயரில் குற்றம் என்றால் அவர் தாங்கியிருப்பார். இன்னொரு வீட்டுப் பிள்ளையை, தன் மகளைக் கட்டியவனை, அவனுக்கே தெரியாமல் குற்றவாளியாக்கி வைத்திருக்கிறார். அதை நீக்க அவனிடமே போய்க் கேட்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் பாதை மெட்ரோவில் லொங்குய்க்குப் போனார். கீர்த்திகன் டோர்வல் விமானநிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் பகுதியில் வேலை செய்கிறவன். அன்று லீவு. மாமனாரைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"வாங்கோ மாமா, இருங்கோ. மாமீன்ரை கண் எப்பிடி? இப்ப உங்களை வடிவாத் தெரியுதாமோ?"

"தெரியுது தம்பி."

"பாவம் மாமி."

வினோஜா வாயைப் பொத்திக்கொண்டாள். வேறொரு நாளென்றால் உருத்திரமூர்த்தியும் சிரித்திருப்பார். படிவத்தை மேசையில் வைத்து, எதையும் ஒளிக்காமல், நடந்ததைச் சொல்லி முடித்தார்.

கீர்த்திகன் படிவத்தைப் புரட்டினான். "இதுக்கே இவ்வளவு யோசிச்சனீங்கள்? விடுங்கோ மாமா. பார்க்கிங் டிக்கெட்டாலை ஒருத்தனும் மறியற்சாலைக்குப் போறேல்லை. எங்கடை வேலையிடத்திலை டிக்கெட் வாங்காதவனை விரல்விட்டு எண்ணலாம்."

"மற்றவை வாங்கலாம் தம்பி. உங்கடை பேரிலை என்னாலை ஒரு குற்றம் கிடக்கக் கூடாது."

"கோர்ட்டுக்குப் போறதெண்டால் வேலைக்குப் போகாமல் ஒருநாள் நிக்கவேணும். அந்தச் சம்பளத்துக்கு ரெண்டு டிக்கெட் கட்டலாம்."

"அந்த நாள் சம்பளத்தை நான் தாறன்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டது என்று அவருக்கே விளங்கியது. வினோஜா நிலத்தைப் பார்த்தாள். சமைத்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மா குசினி வாசலில் வந்து நின்றார். சம்பந்தியம்மா அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவார். அன்றும் அப்படித்தான் கூப்பிட்டார்.

"ஏன் அண்ணை, எங்கடை பிள்ளைக்கு ஒரு டிக்கெட் கட்ட வக்கில்லையெண்டு நீங்களே முடிவெடுத்துக் கட்டினியள். இப்ப நாள்கூலிக்கும் பிடிக்கிறியளோ?"

"அம்மா, சும்மா இருங்கோ," என்றான் கீர்த்திகன். ஆனால் அவனுடைய முகத்திலும் சிரிப்பு இல்லை.

"நான் மரியாதைக்குத்தான் கட்டினனான்," என்றார் உருத்திரமூர்த்தி.

"ஆற்றை மரியாதைக்கு அண்ணை?"

அவரிடம் பதில் இருந்தது. உங்களுடைய மரியாதைக்கு என்று சொல்ல வாயெடுத்தார். அது உண்மையில்லை என்று பட்டது.

கீர்த்திகன் படிவத்தை அவர் பக்கமாக மெல்லத் தள்ளினான். "மாமா, கோவிக்காதேங்கோ. அண்டைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ரசீதைப் படம் எடுத்து அனுப்பி நானே வழக்காடியிருப்பன். இப்ப காரணம் எண்டு கேட்டிருக்கிற இடத்திலை என்னத்தை எழுதுறது? என்ரை மாமனார் எனக்குத் தெரியாமல் போய், வாசிக்காமல் கட்டிப்போட்டார் எண்டோ? ஜட்ஜுக்கு முன்னாலை நிண்டு உங்களை அப்பிடிச் சொல்லமாட்டன். குற்றம் என்ரை பேரிலையே கிடக்கட்டும்."

அதற்கு மேல் கேட்க வழியில்லை. கெட்டவன் மறுத்தால் சண்டை பிடிக்கலாம். மாமனாருடைய மானத்தைக் காப்பாற்றவென்று மறுக்கிறவனோடு என்னவென்று சண்டை பிடிப்பது? மெட்ரோ வாசல்வரை கூட வந்த வினோஜா, "அப்பா, இனி இதைப் பற்றிக் கதையாதேங்கோ. நான் அந்த வீட்டிலை இருக்கவேணும்," என்று மட்டும் சொன்னாள்.

ஆறாம் நாள் உருத்திரமூர்த்தி மறுபடியும் கவுண்டருக்கு வந்தார். படிவம் வெறுமையாகவே இருந்தது. அதற்குப் பதிலாக ஒரு கடிதம் கொண்டுவந்திருந்தார். இரண்டு நாள் இருந்து, அகராதி பார்த்து, சொந்தக் கையால் எழுதிய கடிதம். காரை நிறுத்தியவன் நான். நம்பரைப் பிழையாக அமத்தியவன் நான். பணம் கட்டியவனும் நான். ஆகவே குற்றத்தை என் மருமகனுடைய பெயரிலிருந்து எடுத்து என் பெயரில் எழுதும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செலீன் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். எழும்பி உள்ளே போய் யாரிடமோ காட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"மெஸ்யு, நீங்கள் குற்றமில்லை என்று சொல்லத்தானே வந்தீர்கள்?"

"இப்போது குற்றம் எனக்கு வேண்டும்."

"அப்படி மாற்ற முடியாது. டிக்கெட் காரின் சொந்தக்காரருக்கு. கட்டியாகிவிட்டது. முடிந்துவிட்டது."

"இந்தக் கடிதம் வந்து சேர்ந்தது என்று ஒரு முத்திரையாவது குத்தித் தாருங்கள்."

அவள் முத்திரைக் கட்டையைப் பார்த்தாள். கையை அதன் பக்கம் கொண்டுபோய்த் திரும்ப எடுத்துக்கொண்டாள். "முத்திரை குத்தினால் இதை ஒரு வழக்குக் கோவையில் போடவேண்டும். போடுவதற்குக் கோவை இல்லை. மன்னியுங்கள்."

அவள் உண்மையாகவே வருந்தினாள். அது அவருக்கு இன்னும் கனமாக இருந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். இந்த ஊரிலும் லொங்குய்யிலும் எல்லாரும் அவரிடம் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறார்கள். ஒருவராலும் குற்றம் என்ற அந்த ஒரு சொல்லை அந்தப் பெயரிலிருந்து எடுக்க முடியவில்லை.

பின்னால் நின்ற ஆள் இருமினான். உருத்திரமூர்த்தி "மெர்சி, மடாம்" என்று நன்றி சொல்லி விலகினார். அவர் ஒரு அடி வைக்குமுன்னரே அந்த ஆள் தன் கடதாசியைக் கண்ணாடிக்கடியால் உள்ளே தள்ளிவிட்டான்.

நடைபாதையில் கைபேசி அடித்தது. கீர்த்திகன்.

"மாமா, மாமியை நாளைக்குக் கண் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போகவேணுமெல்லோ? உங்கடை கார் இன்னும் கராஜிலையாமே. எங்கடையைக் கொண்டுவந்து விடட்டோ?"

உருத்திரமூர்த்தி முத்திரை விழாத கடிதத்தை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். வேண்டாம் என்றால் அந்த வீட்டில் அது ஒரு கதையாகும்.

"ஓம் தம்பி," என்றார். "கொண்டுவாங்கோ."