நடுவில் வைத்த மட்டி

தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஹெப்சி ஆராய்ச்சிக்காக மூன்று வருஷமாக மட்டிச் சிப்பியோடு மல்லுக்கட்டினாள். மட்டியின் டி.என்.ஏ.வில் ஒரே துணுக்கு பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வரும். நெருங்கிய இனங்களுக்குப் பல்லவி ஒத்துப்போகும். உறவு விலக விலக மாறும். ஐந்தாறு மட்டியின் சதையை ஒன்றாக அரைத்து ஜெல்லில் ஓட்டினால், துணுக்குகள் படிப்படியான கோடுகளாகப் பிரிந்து, ஓர் இனத்துக்கு ஓர் ஏணி தெரிய வேண்டும். இவளுக்கோ ஒவ்வொரு குழாயிலும் இரண்டு ஏணி.

"எங்கேயோ கலந்துபோச்சும்மா. அந்த அத்தியாயத்தைத் தூக்கிடு," என்றார் நெறியாளர் வேதசிரோமணி. அது போனால் ஆய்வேட்டில் மிஞ்சுவது அட்டைதான்.

கீழ்க்கட்டளையில் மீன் விற்கும் பொன்னியிடம் போய் நின்றாள். மட்டி கொடுப்பவள் அவள்தான். விஷயத்தைக் கேட்டதும் பொன்னி சிரித்துவிட்டாள்.

"கலந்தது நான்தான்க்கா! காலேஜுக்காச்சேன்னு ரெண்டு கூடைலயும் கொழுத்ததா பொறுக்கிப் போட்டேன். இது மணல் மட்டி, அது சேத்து மட்டி. எங்க வூட்ல ரெண்டையும் ஒரே சட்டில வேவ வெக்க மாட்டோம். அது வாயத் தொறக்கறதுக்குள்ள இது ரப்பராப் பூடும்."

புத்தகத்தில் இரண்டும் ஒரே இனம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள், மூன்று வருஷம்!

வேதசிரோமணி நம்பவில்லை. சனிக்கிழமை காலை அவரே வந்து, இரண்டு கூடையிலிருந்தும் இருபதை எடுத்துக் கலந்து நீட்டினார். அவர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். பொன்னி இரண்டு ஓடும் சேரும் மூட்டில் கட்டைவிரலை ஓட்டி, வாங்க வந்தவர்களோடு வாயாடிக்கொண்டே, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பிரித்துப் போட்டாள். என்ன விரல் அது! ஒன்றை மட்டும் இரண்டு தரம் தடவிவிட்டுத் தட்டின் நடுவில் வைத்தாள். ஹெப்சி கொண்டுவந்தது இரண்டே பை. கைதவறிக் கிடக்கிறது என்று நினைத்து, அதை இடப்பக்கப் பையில் தள்ளினாள்.

இந்தத் தடவை ஒவ்வொரு மட்டியையும் தனித்தனியாக ஓட்டினார்கள். பத்தொன்பதில் ஆளுக்கொரு ஏணி, பொன்னி பிரித்தபடியே. இடப்பக்கப் பையில் ஒன்றில் மட்டும் இரண்டு ஏணியும் இருந்தன.

"ஒண்ணு தப்பிடுச்சு பாத்தியா," என்றார் சார்.

ஹெப்சி பொன்னிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, விஷயத்தைச் சொன்னாள்.

"அத்த நான் நடுவுல இல்ல வெச்சேன்? நீ எதுக்குக்கா தள்ளுன? அது ரெண்டுத்துக்கும் பொறந்தது. எப்பனா ஒண்ணு வரும்."

முப்பது வருஷம் மட்டியைப் படித்தவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அவங்க இனிஷியல் என்னன்னு கேளும்மா. கட்டுரையில உன் பேருக்கு அடுத்து போடணும். என் பேருக்கு முன்னாடி."