துரையின் இடது சீட்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு அந்த மாதம் முழுக்க ஒரே எரிச்சல். காரை ஸ்டார்ட் செய்தால், நின்ற இடத்திலேயே குலுங்கியது. சீராக உறுமவேண்டிய எஞ்சின் வேண்டாவெறுப்பாக வேலைக்கு வந்த ஆள்போல முக்கி முனகியது. அவரும் விடவில்லை. பிளக்கை மாற்றினார், ஒயரை மாற்றினார், கடைசியில் பெட்ரோல் பங்க்கையே மாற்றினார். ஒன்றும் பலிக்கவில்லை.

கார் ஆங்கிலேயத் தயாரிப்பு, அவரைவிடக் கொஞ்சம்தான் இளையது. இரண்டே சீட், துணிக் கூரை, மாதுளை நிறம். மனைவி அதற்குத் துரை என்று பெயர் வைத்திருந்தாள். தான் ஒரு துரும்பையும் அசைக்காமல் எல்லோரையும் தன்னைச் சுற்றி ஓடவைக்கும் ஆளுக்கு வேறென்ன பெயர் வைப்பது? மழை வந்தால் கோபித்துக்கொள்ளும், வெயில் ஏறினால் கொதிக்கும், தரையில் எண்ணெய் சிந்தாத நாளே கிடையாது. சமீபத்தில் புதிதாக இரண்டு வியாதி வேறு. டிரைவர் சீட் தானாக முன்னால் நகர்ந்தது, டேங்க்கில் பெட்ரோல் தானாகக் குறைந்தது. மனிதர் சீட்டின் போல்ட்டை இறுக்கினார், டேங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கசிவைத் தேடினார். பழைய கார் வைத்திருப்பவர்கள் இப்படித்தான். எதைப் பார்த்தாலும் வயசுக் கோளாறு என்று நம்பிவிடுவார்கள்.

தன்னுடைய வயசுக் கோளாறை மட்டும் அவர் மூடி மறைத்தார். இடது காது கேட்காமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கடைக்கு வந்து, "எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்று அடம்பிடிப்பவர்களிடம், "கண்ணாடி போடறதுல என்னங்க வெட்கம்?" என்று மணிக்கணக்கில் பேசுகிற மனிதர், காது டாக்டர் இருக்கும் தெருப்பக்கமே போவதில்லை. காரணம் மகள். தன் மாமனாரைப் பற்றி ஒருநாள் போனில் சொன்னாள். "காது மந்தம்னு தெரிஞ்சதும் கார் சாவியை வாங்கி வெச்சுட்டோம்பா. எதுக்கு வம்பு?" அதை அவர் வலது காதில் தெளிவாகக் கேட்டார். அன்றிலிருந்து உஷாராகிவிட்டார். சோபாவில் இடது ஓரத்தில்தான் உட்காருவார், எல்லோரும் வலப்பக்கம் இருக்கும்படி. ஆட்டம் பலிக்காத ஒரே இடம் கார். ஸ்டியரிங் வலப்பக்கம், மனைவி இடப்பக்கம். அவள் என்ன பேசினாலும் சாலையைப் பார்த்தபடி "ம்ம்" என்பார். அதுவே போதுமானதாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் போவதாக அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் சனிக்கிழமை காலையிலேயே பானெட்டைத் திறந்து, இரட்டை கார்புரேட்டரை மறுபடி கையிலெடுத்தார். எஞ்சினுக்குக் காற்றும் பெட்ரோலும் கலந்து கொடுக்கும் அந்த இரண்டும் ஒரே அளவு மூச்சு இழுக்கவேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்துக் கேட்டு, இரண்டு சத்தமும் ஒன்றாகும்வரை திருகைத் திருகவேண்டும். அவர் எப்போதும் ஒரே இடத்தில்தான் நிற்பார். முன்னாலிருப்பதற்கு இடது காது, பின்னாலிருப்பதற்கு வலது காது. இருபது வருஷப் பழக்கம், கை தானாகப் போகும்.

மனைவி காபியோடு வந்தாள். திரைச்சீலை தைத்துக் கொடுப்பது அவள் தொழில்.

"துரைக்கு இன்னும் ஜுரம் விடலையா?"

"ரெண்டும் சரியா இருக்கு. பெட்ரோல்லதான் ஏதோ கலப்படம்."

"எங்க, அந்தக் குழாயைக் குடுங்க."

"இது உன் தையல் மெஷின் இல்லம்மா" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். அவள் இரண்டையும் ஒரே காதில் வைத்துக் கேட்டாள்.

"முன்னாடி இருக்கறது அலறுது. பின்னாடி இருக்கறதுக்கு மூச்சே இல்ல."

"சும்மா இரு. ரெண்டும் ஒரே சத்தம்."

"அப்ப ரெண்டையும் இந்தக் காதால கேளுங்க" என்று குழாயை அவர் வலது காதில் செருகினாள்.

கேட்டார். முன்னாலிருந்தது நிஜமாகவே அலறிக்கொண்டிருந்தது. கேட்காத காதுக்குக் கேட்கவேண்டும் என்று ஒரு மாதமாக அதையே திறந்துவிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்! அவள் குழாயை வாங்கிக்கொண்டாள். "நான் கேக்கறேன், நீங்க திருகுங்க... இன்னும்... ஐயோ, ஜாஸ்தி... ஆங், அவ்வளவுதான்." குலுக்கல் நின்றது. மட்கார்டின் மேல் வைத்திருந்த காபி தம்ளர் ஆடாமல் அசையாமல் நின்றது.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?" என்றார் மெல்ல.

"ரெண்டு வருஷமா. எங்க அண்ணன் ஒரு மாசம் வந்து தங்கட்டுமான்னு கார்ல கேட்டேன். நீங்க குதிக்கல, ம்ம்னீங்க. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. என் காதுல பூ சுத்தலாம்னு பாத்தீங்களா?"

அவர் அசடு வழிந்தார். தடுக்கமுடியாமல் தங்கிவிட்டுப்போன மச்சான் நினைவுக்கு வந்தார்.

"புது பீரோவுக்கும் ம்ம்னீங்க. திங்கட்கிழமை காது டாக்டர்கிட்ட போறதுக்கும் ம்ம் சொல்லியாச்சு. நான் கார் ஓட்டக் கத்துக்கறேன்னதுக்கும்தான்."

"என்னது?"

"லைசென்ஸ் வாங்கி ஆறு மாசமாச்சு. நீங்க கடைக்குப் போனதும் துரையை ஒரு சுத்து கூட்டிட்டுப் போவேன். எனக்குக் கால் எட்டாது, சீட்டை முன்னால இழுத்துப்பேன்."

இறுக்கிய போல்ட்டெல்லாம் அவர் கண்முன்னே வந்து போயின.

அவள் கையை நீட்டினாள். "சாவி."

எந்தப் பேச்சுக்குப் பயந்து இரண்டு வருஷம் நாடகம் ஆடினாரோ, அது வந்தேவிட்டது. எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவி அவள் கையில் வைத்தார்.

"ஏன் மூஞ்சி இப்படிப் போகுது? நாளைக்கு ஏறும்போது நான் ஓட்டறேன், பேசிக்கிட்டே வருவேன். இறங்கும்போது நீங்க ஓட்டுங்க, நான் வாயைத் திறக்கமாட்டேன்."

ஞாயிறு காலை அவர் இடது சீட்டில் ஏறினார். சொந்தக் காரில் அந்தப் பக்கம் உட்காருவது அதுவே முதல் தடவை. தெரு முனையில் அவள் கியரைக் கரகரவென்று அரைத்தாள், அவருக்குப் பல் கூசியது. மலை ஏற ஏறத் துரை மூச்சு வாங்காமல் இழுத்தது. எஞ்சின் சத்தத்துக்கு மேலே அவள் குரல் வலது காதில் நேராக விழுந்தது. மகளைப் பற்றி, துணி வியாபாரியின் திருட்டுத்தனம் பற்றி, அண்ணன் திரும்ப வரப்போவதைப் பற்றிக்கூட. அவர் பதறிக் குதித்தார், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒரு வளைவைக் கடந்ததும் குரல் தணிந்தது. சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இப்படி உங்களோட போறப்ப எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்குங்க."

அவர் திரும்பினார். "இத இதுக்கு முன்னாடி சொன்னதே இல்லியே?"

"ஒவ்வொரு தடவையும் சொல்வேன். நீங்க ம்ம்னுவீங்க."

உச்சியில் காரை நிறுத்தி இறங்கி, கொஞ்ச நேரம் காற்று வாங்கினார்கள். கிளம்பும்போது, முன்பு சொன்னபடி அவள் சாவியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. சுற்றிப்போய் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்.

"இறங்கும்போதும் நீயே ஓட்டும்மா" என்றார். "கிளட்ச்சை மட்டும் கொஞ்சம் பாத்து விடு."