கடிக்காத ஷூ

பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட நடுவர் ஷூ பார்ப்பதுபோல நொட்டைச் சொல் சொல்லமாட்டார்கள். ஒன்று குதிகாலில் உரசும், ஒன்று பக்கவாட்டில் நகரும்போது வழுக்கும், இன்னொன்று நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நீலக் கோடு போட்டிருக்கும். வாலிபால் நடுவருக்கு ஷூ முழு வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதில் மனிதர் விட்டுக்கொடுக்கவே மாட்டார். அவர் தெருமுனையில் திரும்பும்போதே ஷூக் கடைக்காரர் பெட்டிகளை இறக்கி வைக்க ஆரம்பித்துவிடுவார்.

நடுவர்மேலும் தப்புச் சொல்ல முடியாது. வாரநாட்களில் பஸ் டிப்போவின் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதுகிற வேலை. ஆட்ட நாட்களில் மட்டும்தான் நிற்பார். அதுவும் இரண்டாம் நடுவராக. முதல் நடுவர் வலைக்கம்பத்தோடு இருக்கும் மேடையில் ஏறி நின்றால் இறங்கவே வேண்டாம். இரண்டாம் நடுவர் கீழே நின்று, பந்து வலையைத் தாண்டுகிறபோதெல்லாம் கம்பத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். எவன் கை வலையில் பட்டது, எவன் கால் நடுக்கோட்டைத் தாண்டியது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

இரண்டு வருடமாக அவருக்கு உள்ளங்கால் எரிந்துகொண்டிருந்தது. மிளகாயை அரைத்து அப்பியதுபோல எரிச்சல். உடம்பில் சர்க்கரை ஏறிக் கிடப்பது ஊருக்கே தெரியும். அவரோ ஷூவைத்தான் திட்டினார்.

"ஷூ என்னங்க பண்ணும்? காலை ஒரு நாள் டாக்டர்கிட்ட காட்டுங்களேன்" என்று மனைவி சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

"டாக்டர் என்ன சொல்லுவார்? நிக்காதேம்பார். படுத்துக்கிட்டு விசில் ஊத முடியுமா?"

"ஊதாட்டி என்ன, குடியா முழுகிடும்?"

"நின்னாத்தான்மா நான் ஒரு ஆளு. உக்காந்தா என்னை யாரு திரும்பிப் பாக்கிறா?"

இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவருடைய பயம் அவளுக்குத் தெரியும். இத்தனை வருடக் காத்திருப்புக்குப் பிறகு பெரிய போட்டி ஒன்றின் இறுதியாட்டத்துக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். காலைக் காட்டப் போய், டாக்டர் நிற்காதே என்றால், அந்த இடம் வேறொருவனுக்குப் போய்விடும். அந்தப் பயத்தை அவளால் எப்படிக் குறை சொல்ல முடியும்?

அந்த இறுதியாட்டத்துக்காகத்தான் மறுபடி கடைக்குப் போனார். கூடவே மச்சானும் போனான். மனைவியின் தம்பி, டிப்போவில் மெக்கானிக், அவனும் நடுவர்தான். இறுதியாட்டத்துக்கு முதல் நடுவர் அவன் என்று முடிவாகியிருந்தது. கடைக்காரர் பெட்டி பெட்டியாக எடுத்துப் போட்டார். நடுவர் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு கடைக்குள் பக்கவாட்டில் ஓடினார், நின்றார், திரும்பினார். வேடிக்கை பார்த்த குழந்தை ஒன்று தானும் அப்படியே ஓடிக் காட்டியது.

கடைசிப் பெட்டியில் ஒரு வெள்ளை ஷூ இருந்தது. மாட்டி, நாடாவை இறுக்கிக் கட்டினார். ஓடினார். நின்றார். முகம் மாறிவிட்டது.

"மச்சான், எரியலடா!"

"நிஜமாவா அத்தான்?"

"எரியல, உரசல, கடிக்கல. ஒண்ணுமே தெரியல. கால்ல ஷூ இருக்கிறதே தெரியலடா!"

கடைக்காரர் குனிந்து கட்டைவிரல் பக்கம் அமுக்கிப் பார்த்தார். "விரல் முட்டுதே சார். ஒரு சைஸ் பெருசா எடுத்துத் தரட்டுமா?"

"கால் என்னுதா, உங்களுதா?"

கடைக்காரர் பில் புத்தகத்தை எடுத்தார். நடுவரின் கணக்கு நேரானது. மைதானத்தில் தவறு கண்ணில் படவில்லை என்றால் தவறே நடக்கவில்லை என்றுதான் ஆட்டம் நடக்கும். ஷூ விஷயத்திலும் அதே தீர்ப்பைத்தான் கொடுத்தார். தலைகால் புரியாத சந்தோஷத்தில், மச்சானுக்கும் அதே ஷூவில் ஒரு ஜோடியை வற்புறுத்தி வாங்க வைத்தார்.

மச்சான் நாலு நாளில் கழற்றி மூலையில் போட்டான். "கட்டைவிரலை ரெண்டாப் பொளக்குது அத்தான். இதைப் போட்டுக்கிட்டு எப்படித்தான் நடக்கிறீங்களோ!"

"உனக்கு வாய்ச்ச கால் அப்படி" என்று கிண்டல் செய்தார் நடுவர்.

அந்த நாட்களில் அவர் வீட்டில் பாட்டுப் பாடினார். நன்றாகத் தூங்கினார். ஒரு மாலை மனைவியோடு கடைத்தெருவுக்குப் போனபோது, வழியில் அவருடைய செருப்பு ஒன்று கழன்று நின்றுவிட்டது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே ஒற்றைச் செருப்போடு நடந்தார். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். ஓடிப்போய்ச் செருப்பை எடுத்துக்கொண்டு திரும்பியவள், அவர் இன்னும் நடந்துகொண்டே இருப்பதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

"செருப்பு கழண்டதுகூடவா உங்களுக்குத் தெரியல?"

"நெனப்பெல்லாம் ஃபைனல்லயே இருக்கும்மா."

அவள் செருப்பை அவர் காலடியில் வைத்தாள். அவர் காலைப் பார்த்துத்தான் அதை மாட்டினார். அதை அவள் கவனித்தாள். ஆட்டம் முடிந்த மறுநாள் இழுத்துக்கொண்டாவது டாக்டரிடம் போய்விடுவது என்று முடிவு செய்தாள். அதற்கு முன்னால் போயிருக்க வேண்டும் என்பதை அவளுக்கு இன்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இறுதியாட்டம் மண் மைதானத்தில் நடந்தது. அங்கே கோடுகளைச் சுண்ணாம்பில் போடமாட்டார்கள். நாடாவை இழுத்து ஆணியடித்து விடுவார்கள். கூட்டம் நெருக்கியடித்து நின்றது. மச்சான் மேடையில், நடுவர் கீழே. இருபது வயதுக்காரன் தோற்றுப்போகிற மாதிரி கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். விரல்நுனி வலையில் பட்டதைக்கூட விடவில்லை. கூட்டத்திலிருந்த மனைவிக்கே பெருமையாக இருந்தது.

மூன்றாவது செட்டில், வலையோரம் தடுப்புக்கு நின்ற பையன் திடீரென்று கையை இறக்கிவிட்டுத் தரையைக் காட்டினான்.

"சார், ரத்தம்."

நடுவர் உடனே விசில் ஊதினார். யாருக்காவது அடிபட்டால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். மண்ணில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு, கம்பத்துக்கு இரண்டு பக்கமும்.

"யாருக்குடா அடி? எல்லாரும் காலைக் காட்டுங்க."

பையன்கள் ஒருவர் மாற்றி ஒருவர் காலைத் தூக்கிக் காட்டினார்கள். அவர் குனிந்து ஒவ்வொரு காலாகப் பார்த்தார். முதலுதவிக்காரரைக் கை காட்டி அழைத்தார். "பயப்படாதே, யாரா இருந்தாலும் சொல்லு" என்றார். கூட்டம் மெல்ல அடங்கிப் போனது. மச்சான் மேடையிலிருந்து இறங்கி வந்து அவர் தோளைப் பிடித்தான்.

"அத்தான், உங்க கால் அத்தான்."

வலது ஷூவின் வெள்ளை பாதிக்குமேல் காணவில்லை. அடியில், கோட்டு நாடாவிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த ஆணி, தலைவரை ஏறியிருந்தது.

"இதுவா? எனக்கு வலிக்கவே இல்லையே" என்றார் நடுவர், ஏதோ தனக்கு இன்னும் அதிர்ஷ்டம் இருக்கிற மாதிரி.

ஆஸ்பத்திரியில் காலுறையைக் கத்தரித்துத்தான் எடுத்தார்கள். ஆணி போட்ட ஓட்டை சின்னது. கட்டைவிரல்தான் கறுத்துப்போய் இருந்தது. அது இன்றைக்கு வந்த புண் அல்ல. அறையில் ஒரு வாடை எழும்பியது. மச்சான் வெளியே போய்விட்டான். மனைவி போகவில்லை.

"விரலைக் காப்பாத்த முடியாது" என்றார் டாக்டர். "பாதத்தையாவது காப்பாத்தப் பார்ப்போம். முதல்ல உணர்ச்சி எங்கெங்க இருக்குன்னு பார்க்கிறேன். ரெண்டு காலையும் நீட்டிக்கிட்டுக் கண்ணை மூடிக்குங்க. நான் தொடுறப்பல்லாம் சொல்லணும்."

நடுவர் கண்ணை மூடிக்கொண்டார். இது அவருக்குத் தெரிந்த வேலை. எத்தனை பேர் பார்க்காத தொடுதல்களை அவர் பிடித்திருக்கிறார்! மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கவனமாகக் காத்திருந்தார். மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். பிறகு, பக்கத்தில் மனைவி விசும்புகிற சத்தம்.

"நீ ஏம்மா அழற?" என்றார் கண்ணைத் திறக்காமலே. "டாக்டர், அவ கெடக்கா. நீங்க ஆரம்பிங்க."



"முடிச்சிட்டேன் சார்" என்றார் டாக்டர்.

நடுவர் கண்ணைத் திறந்து பார்த்தார். அவருடைய இடது பாதம் டாக்டரின் இரண்டு கைகளுக்குள்ளும் இருந்தது.