ஸ்குல்விக் சூரியனுக்குக் கிடைத்த வேஷம்

நார்வேயின் வடகோடியில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சூரியன் உண்டு. நவம்பர் கடைசியில் அது ஊரைவிட்டுக் கிளம்பும், ஜனவரியில் திரும்பும். நடுவில் உள்ள இருட்டு மாதங்களில் தெற்கே போய் ஏதாவது வேலை பார்க்கும். பெரும்பாலும் ஹோட்டல்களில் ஈரக் கோட்டு உலர்த்தும் வேலைதான் அகப்படும். ஸ்குல்விக் என்ற மீனவ ஊரின் சூரியனுக்கு மட்டும் அந்த வருஷம் நாடகத்தில் வேஷம் கிடைத்தது.

கொடுத்தவர் எய்விண்ட். அதே ஊரில் பிறந்து, ஒஸ்லோவுக்குப் போய், நாட்டிலேயே பெரிய நாடகாசிரியர் என்று பேர் வாங்கியவர். அவருடைய முதல் நாடகத்தில் அப்பா செத்தார், இரண்டாவதில் அம்மா, மூன்றாவதில் மிச்சமிருந்தவர்கள். டிக்கெட் கிடைக்காதவர்கள் வெளியே நின்று அழுதார்கள். கிடைத்தவர்கள் உள்ளே போய் அழுதார்கள். இந்தப் புது நாடகத்தில்தான் முதல் முறையாக ஒருவரும் சாகவில்லை. ஒரு குடும்பம் ஜன்னலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு நாடகம் முழுக்கச் சண்டை போடும். கடைசியில் இளைய மகள் சீலையை விலக்குவாள். வெளியே ஸ்குல்விக் சூரியன் நிற்கும். அதற்கு வசனம் கிடையாது. மிகையில்லாத நடிப்பு என்று பத்திரிகைகள் எழுதின.

நாடகம் ஓடு ஓடென்று ஓடியது. ஜனவரி போய், பிப்ரவரியும் பாதி போயிற்று. சூரியன் ஊர் திரும்பவில்லை. சூரியன் முகத்தைப் பார்த்தால்தான் காட் மீன் கரைப்பக்கம் வரும். மீன் வராவிட்டால் ஊரில் அடுப்பெரியாது. ஊரார் எய்விண்டின் அக்கா குன்வோரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கடையில் காப்பித்தூள் கேட்டால் தம்பியிடம் போய் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். குன்வோரும் தன் படகைக் கரையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தெற்கே கப்பலேறினாள்.

எய்விண்ட் அக்காவை உட்காரவைத்துக் கெஞ்சினார். ஏப்ரலில் பெரிய பரிசுக்காரர்கள் நாடகம் பார்க்க வருகிறார்கள், அதுவரைக்கும் ஊர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்றார்.

"சூரியன் இல்லாட்டி அந்தக் குடும்பம் இருட்டுலயே கிடக்கும், அக்கா."

"கிடக்கட்டும். நீ எழுதின குடும்பம்தானே, பழகியிருக்கும். நான் ரத்தமும் சதையுமா இருட்டுல கிடக்கிறேன்டா."

எதுவானாலும் அதனிடமே கேட்டுக்கொள் என்று அவர் ஒதுங்கிக்கொண்டார்.

ஒப்பனை அறையில் சூரியன் பவுடர் பூசிய முகத்தோடு ரொட்டி தின்றுகொண்டிருந்தது. குன்வோரைச் சின்ன வயசிலிருந்தே தெரியுமாதலால் எழுந்து நாற்காலி போட்டது. ஊருக்கு வர மனசில்லை என்பதை மரியாதையாகத்தான் சொன்னது.

"உங்க ஊர்ல என்னை யாரு நிமிர்ந்து பார்த்தீங்க? கையை நெத்தியில வச்சு மறைச்சுக்குவீங்க. இங்க தினமும் எழுந்து நின்னு கைதட்டுறாங்க."

அதில் நியாயம் இருந்தது. குன்வோர் சற்று யோசித்துவிட்டு, இனிமேல் ஊரும் கைதட்டும், அதற்குத் தான் பொறுப்பு என்றாள். எழுந்து நின்றா என்று சூரியன் கேட்டது. படகில் எழுந்து நின்றால் தண்ணீரில் விழுவோம், உட்கார்ந்தபடி பலமாகத் தட்டுகிறோம் என்றாள். சூரியன் அரை மனசோடு பவுடரைத் துடைத்தது.

அன்று மாலை இளைய மகள் சீலையை விலக்கினாள். வெளியே ஒன்றுமில்லை. திரும்ப இழுத்துவிட்டாள், சண்டை தொடர்ந்தது. ஜனங்கள் முன்னைவிட அதிகமாக அழுதார்கள். ஏப்ரலில் எய்விண்டுக்குப் பரிசும் கிடைத்தது.

ஸ்குல்விக் மலைக்கு மேல் சூரியன் தலைகாட்டியபோது, ஊரே படகுகளில் உட்கார்ந்து கைதட்டியது. மத்தியானம் காட் மீன்கள் வந்தன. முண்டியடித்துக்கொண்டு வரவில்லை. குஞ்சுகள் முன்னால், பெரியவை பின்னால் என்று வரிசை வரிசையாக அமர்ந்து, தண்ணீருக்கு மேல் தலையை நீட்டிச் சூரியனையே பார்த்தன. தாமதமாக வந்தவை உடம்பைக் குறுக்கிக்கொண்டு, மற்றவற்றுக்கு மறைக்காமல், தங்கள் இடத்தைத் தேடிப் போயின.

குன்வோர் வலையை மடியில் வைத்துக்கொண்டு, இடைவேளை விடட்டும் என்று காத்திருந்தாள்.